ஆண் செடி இல்லாத தோட்டம்

நவம்பர் மாதம். வங்காளத்தில் ராஜ்ஷாஹி மாவட்டம், நவுகாவ் வட்டாரம். மழை ஓய்ந்து வயல் காய்ந்துவிட்டது. ஆகஸ்டில் நாற்றங்காலில் விதைத்து, செப்டம்பரில் பிடுங்கி நட்ட கஞ்சாச் செடிகள் கிளை விட்டு நிற்கின்றன. வரப்பிலிருந்து ஒருவர் வயலுக்குள் இறங்குகிறார். வரிசை வரிசையாகப் போகிறார். ஒரு செடியின் முன் நின்று, கிளை பிரியும் கணுவை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார். இன்னொன்றைப் பார்த்ததும் அப்படியே பிடுங்கி வரப்பில் எறிகிறார். அவருக்குப் போத்தார் என்று பெயர். ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் அறிக்கைகளில் அவரைக் ‘கஞ்சா டாக்டர்’ என்று குறித்துவைத்தார்கள். ஆண் செடி எது என்று கண்டுபிடித்துக் களைவது ஒன்றுதான் அவர் தொழில். கூலி அதற்குத்தான்.

கஞ்சாவில் ஆண் வேறு, பெண் வேறு. பனையில் ஆண் பனை, பெண் பனை இருப்பது போலத்தான். பனையில் அது தெரிவதற்குள் நட்டவருக்குப் பத்துப் பதினைந்து வயது கூடிவிடும். கஞ்சா ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, முடிந்துவிடுகிற செடி. பப்பாளி போட்டவர்கள் பூ வந்ததும் ஆண் மரங்களை வெட்டிக் கழித்துவிட்டு, இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் மகரந்தத்துக்காக விட்டுவைப்பார்கள். நவுகாவில் அந்த ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார்கள். காரணம் எளிது. ஆணின் மகரந்தம் விழுந்ததும் பெண் செடி தன் பலத்தையெல்லாம் விதைக்குத் திருப்பிவிடுகிறது. மகரந்தம் விழாத பெண் காத்திருக்கிறது. மேலும் மேலும் பூ விடுகிறது. பூவைச் சுற்றிய சிற்றிலைகளில் பிசின் கூடிக்கொண்டே போகிறது. அந்தப் பிசினில்தான் போதை, மருந்து, வாசனை எல்லாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நுண்ணிய கண்ணாடிக் குண்டூசிகளை நெருக்கமாகக் குத்திவைத்தது போல இருக்கும். ஒவ்வொரு குண்டூசியின் தலையும் ஒரு பிசின் சுரப்பி.

இன்று இணையத்திலும் சிறப்பிதழ்களிலும் ‘சின்செமியா’ என்ற ஸ்பானியச் சொல் அடிபடும். ‘விதை இல்லாதது’ என்று பொருள். 1970களில் கலிபோர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்ட நுட்பம் போல அதைப் பற்றி எழுதுகிறார்கள். அதற்கு நூறு வருடம் முன்பே வங்காளத்து உழவர்கள் அதையே ஒரு கிராமத் தொழிலாக, கூலி நிர்ணயித்து, தலைமுறைக் கணக்கில் செய்துகொண்டிருந்தார்கள். எழுத்தில் பதிவான சான்று இருக்கிறது. 1877இல் ஹேம் சந்திர கேர் எழுதிய அறிக்கை, 1893இல் டேவிட் பிரெயின் எழுதிய அறிக்கை, 1893–94இல் உட்கார்ந்த இந்தியக் கஞ்சா ஆணையத்தின் தடிமனான தொகுதிகள். அந்த ஆணையம் 1,193 பேரைச் சாட்சி விசாரித்தது. மிதமாகப் பயன்படுத்துவதால் நடைமுறையில் கெடுதல் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அந்த முடிவை மட்டும் எடுத்துப் பேசுபவர்கள் அதிகம். ஆனால் அந்தப் பக்கங்களில் இன்னும் பெரிய புதையல் வேளாண்மைப் பகுதிதான்: எந்த மாதத்தில் உழுதார்கள், எப்படி நட்டார்கள், அறுத்ததை எப்படிக் காலால் மிதித்துத் ‘தட்டைக் கஞ்சா’ செய்தார்கள், எப்படி உருட்டி ‘உருண்டைக் கஞ்சா’ செய்தார்கள் என்பதெல்லாம். சென்னை மாகாணத்தின் கணக்கில் கிருஷ்ணா மாவட்டமும் வட ஆற்காட்டின் ஜவ்வாது மலையும் வருகின்றன.

நவுகாவ் உழவர்கள் 1917இல் ஒரு கூட்டுறவுச் சங்கமே அமைத்தார்கள். நாடு இரண்டாகி, பிறகு வங்கதேசம் பிறந்து, 1987இல் அந்த அரசு சாகுபடியை நிறுத்தும் வரை அங்கே கஞ்சா சட்டப்படி விளைந்தது. போத்தாரின் கண்ணில் இருந்த கல்வி அதோடு போய்விட்டது.

ஆண் எது பெண் எது என்ற கேள்வியில் பெரிய படிப்பாளிகளும் தடுமாறியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த சணற்கஞ்சாவும் இதே இனம்தான். லின்னேயஸ் 1753இல் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்டது அந்தச் செடிக்குத்தான். அங்கே குடியானவர்கள் மெலிந்த, சீக்கிரம் முற்றுகிற செடியைப் பெண் என்றார்கள். பருத்து உயர்ந்து விதை பிடிப்பதை ஆண் என்றார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபிம்பிள்’ என்ற சொல் ‘பெண்’ என்ற வேரிலிருந்து வந்தது. அது குறித்ததோ ஆண் செடியை. விதை சுமப்பதைத்தான் ஆண் என்று பல நூற்றாண்டு அழைத்திருக்கிறார்கள்.

செடிகளுக்கும் ஆண் பெண் உண்டு என்று சோதனை செய்து நிறுவியவர் டூபிங்கன் பேராசிரியர் ருடால்ஃப் காமராரியஸ். 1694இல் அவர் எழுதிய நீண்ட கடிதம் தாவரவியலில் ஒரு மைல்கல். மல்பெரி, ஆமணக்கு, மக்காச்சோளம் என்று பலவற்றில் மகரந்தம் சேராவிட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தார், விதை பிடிக்கவில்லை. சணற்கஞ்சாவில் மட்டும் கணக்கு உதைத்தது. பெண் செடிகளைத் தனியே ஒதுக்கி வைத்தும் சில விதைகள் பிடித்துவிட்டன. அது அவரை வெகுவாகத் தொந்தரவு செய்தது. அவரைத் தோற்கடித்த இரண்டு விஷயங்கள் இன்று நமக்குத் தெரியும். ஒன்று, இதன் மகரந்தம் காற்றில் எவ்வளவோ தூரம் போகும். இரண்டு, தனித்து நிற்கும் பெண் செடி சில சமயம் தானே ஓரிரு ஆண் பூவை விட்டுவிடும். இந்த இரண்டாவது குணம் முந்நூறு வருடம் கழித்து ஒரு பெரிய வியாபாரத்துக்கு அடிப்படையானது. அதற்குப் பிறகு வரலாம்.

1970களின் கலிபோர்னியா. அமெரிக்காவில் புகைக்கப்பட்ட கஞ்சாவில் பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்தது. விதையோடு அமுக்கிக் கட்டிய பொதிகள். பொட்டலத்தைப் பிரித்தால் அடியில் விதை கிடக்கும். அந்த விதைகள்தான் வடக்குக் கலிபோர்னியாவின் ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி மலைகளில் குடியேறியிருந்த இளைஞர்களின் முதல் மூலதனம். எழுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்கா கொடுத்த பணத்தில் மெக்சிகோ அரசு வயல்கள் மீது பாராக்குவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தது. விஷம் படிந்த சரக்கு வருகிறது என்ற பயம் பரவியதும் உள்ளூர் விளைச்சலுக்குக் கிராக்கி ஏறியது.

ஆனால் மெக்சிகோ விதையும் தாய்லாந்து விதையும் வெப்பமண்டலப் பிறவிகள். பகல் நன்றாகக் குறைந்த பிறகே பூக்கத் தொடங்கும். பூத்து முடிய மாதக்கணக்கில் இழுக்கும். கலிபோர்னியாவில் அதற்குள் மழையும் பனியும் வந்துவிடும். இதற்கு விடை ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தது. தரைவழியாக இந்தியாவுக்கு வந்து திரும்பிய ஹிப்பிகள் இந்துகுஷ் மலைப் பக்கத்து விதைகளைக் கொண்டுபோனார்கள். குட்டையான செடி, அகன்ற இலை, சீக்கிரம் முடிகிற பூ. அதன் தாயகத்தில் அதைப் பூவுக்காக வளர்ப்பதில்லை. சலித்துப் பிசினெடுத்து சரஸ் செய்வதற்காக வளர்ப்பார்கள். நெட்டையையும் குட்டையையும் சேர்த்தால் என்ன ஆகும்? ஒரு தோட்டத்து ஆணின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு தோட்டத்துப் பெண்ணில் சேர்த்தார்கள். பிறந்த பிள்ளைகளில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தார்கள். மெக்சிகோ, கொலம்பியா, ஆப்கானிஸ்தான் மூன்றும் கலந்த ‘ஸ்கங்க்’ அந்தக் கலிபோர்னியக் கொல்லைகளில் உருவானதுதான். சாண்டா குரூஸ் பக்கம் உருவான ‘ஹேஸ்’ என்ற நெட்டைக் கலப்பில் கொலம்பியா, மெக்சிகோ, தாய்லாந்தோடு தென்னிந்திய ரத்தமும் உண்டு என்று அந்த வட்டாரத்தில் சொல்லப்படுகிறது.

1983இல் கலிபோர்னியாவில் ஹெலிகாப்டர்கள் வந்தன. கஞ்சாத் தோட்ட ஒழிப்புக்கென்று மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. மேலிருந்து பார்த்தால் தெரிகிற எதையும் வளர்க்க முடியாது. தோட்டம் வீட்டுக்குள் போனது. நிலவறை, பரண், அலமாரி என்று. விளக்கு வெளிச்சம், ஆறடிக் கூரை. அங்கே நெட்டைச் செடிக்கு இடமில்லை. இந்தச் செடியின் இன்றைய உருவத்தைத் தீர்மானித்ததில் ரசனையைவிட ஹெலிகாப்டருக்குப் பங்கு அதிகம். குட்டை, சீக்கிர அறுவடை, சிறு இடத்தில் அதிகப் பிசின், அதிக வீரியம் எல்லாமே ஒளித்து வளர்க்க வேண்டிய கட்டாயத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட குணங்கள்.

அந்தக் கலப்புகள் கடல் தாண்டி நெதர்லாந்துக்குப் போயின. அங்கே நெவில் ஷூன்மேக்கர்ஸ் என்ற ஆஸ்திரேலியர் எண்பதுகளின் மத்தியில் ‘சீட் பேங்க்’ என்ற பெயரில் தபாலில் விதை விற்கத் தொடங்கினார். அமெரிக்கப் பத்திரிகையில் விளம்பரம், உறைக்குள் விதை. யாரோ கொல்லையில் செய்த கலப்பு முதல்முறையாக விலைப்பட்டியலில் ஏறியது இப்படித்தான். 1989 அக்டோபர் 26 அன்று அமெரிக்கப் போதைத்தடுப்புத் துறை 46 மாநிலங்களில் ஒரே நாளில் சோதனை நடத்தியது; வீட்டுத் தோட்ட விளக்கும் உரமும் விற்ற கடைகளும் அதில் சிக்கின. நெவிலை ஆஸ்திரேலியாவில் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்ப வழக்கு நடந்தது. பிணையில் வந்தவர் மறைந்துபோனார். 2019இல் இறந்தார். விதை வியாபாரம் வேறு கைகளில் பெருகியது. தொண்ணூறுகளில் ஆம்ஸ்டர்டாமில் பேர்போன ‘ஒயிட் விடோ’வின் பெற்றோரில் ஒன்று பிரேசில் செடி என்றும், மற்றது கேரளத்து மலைவிதையில் பிறந்தது என்றும் அதை விற்றவர்கள் சொன்னார்கள். கேரளத்து மலையில் யாரோ ஒருவர் வருடா வருடம் கட்டிவைத்த விதை. ஆம்ஸ்டர்டாமில் அதற்குப் பரிசு கிடைத்தது. அந்த மலையில் விதை வைத்திருந்தவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

வளர்த்தவர்கள் மூக்காலும் நாக்காலும் தேர்ந்தெடுத்ததன் பின்னால் என்ன நடந்தது என்பது ஆய்வகங்களில் மெல்லத் தெரியவந்தது. பிசினில் உள்ள, போதை தராத சி.பி.டி.யின் கட்டமைப்பை 1963இலும், போதை தரும் டி.எச்.சி.யை அடுத்த ஆண்டும் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் குழு வெளிக்கொண்டுவந்தது. 2003இல் வெளிவந்த டி மெய்யர் குழுவின் கலப்புச் சோதனை பள்ளிக்கூடத்து மெண்டல் பாடத்தைப் போலவே தெளிவானது. டி.எச்.சி. மட்டும் சுரக்கும் வரிசையையும் சி.பி.டி. மட்டும் சுரக்கும் வரிசையையும் கலந்தார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகள் அத்தனையும் இரண்டையும் சுரந்தன. அவற்றின் பிள்ளைகளில் கால்வாசி தாத்தா பக்கம், கால்வாசி பாட்டி பக்கம், பாதி நடுவில். மெண்டலின் பட்டாணியில் வருகிற அதே 1:2:1.

இரண்டும் ஒரே மூலப்பொருளுக்காகப் போட்டியிடுகின்றன என்பதுதான் இதில் முக்கியம். வீரியத்தை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், தெரிந்தோ தெரியாமலோ சி.பி.டி.யைக் கழித்துக்கட்டுகிறோம். மிசிசிப்பி பல்கலைக்கழகம் பறிமுதல் சரக்கைச் சோதித்து வெளியிட்ட கணக்கு இதைச் சொல்கிறது: 1995இல் டி.எச்.சி. சராசரி சுமார் 4 சதவீதம், 2014இல் சுமார் 12. அதே 2014இல் சி.பி.டி. 0.15 சதவீதத்துக்கும் கீழே. இருபது வருடத்தில் மூன்று மடங்கு வீரியம். இளவயதில் தொடங்கி அன்றாடம் புகைப்பவர்களுக்கு மனநோய் அபாயம் கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இந்த வீரியக் கஞ்சாவை வைத்துத்தான். எழுபதுகளில் புகைத்த அப்பாவின் அனுபவத்தை வைத்து இன்று பிள்ளையை எடைபோட முடியாது. இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே பொருளல்ல.

கழித்துக்கட்டிய குணத்தின் மதிப்பு என்ன என்பதை ஒரு சிறுமி வழியாக உலகம் தெரிந்துகொண்டது. கொலராடோவைச் சேர்ந்த சார்லட் ஃபிகிக்கு டிராவே நோய்க்குறி. வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் வலிப்பு. அதே மாநிலத்தில் ஸ்டான்லி சகோதரர்கள் என்ற வளர்ப்பாளர்களிடம் சி.பி.டி. மிகுந்த, டி.எச்.சி. அநேகமாக இல்லாத ஒரு செடி இருந்தது. போதை ஏறாத அந்தச் செடிக்கு ‘ஹிப்பியின் ஏமாற்றம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து எடுத்த எண்ணெய் சார்லட்டின் வலிப்பை வெகுவாகக் குறைத்தது. செடிக்கே அவள் பெயர் வந்தது; 2013இல் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று இதைக் காட்டியது. 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், கஞ்சாச் செடியிலிருந்து சுத்திகரித்த சி.பி.டி. மருந்தை டிராவே உள்ளிட்ட இரண்டு வலிப்பு நோய்களுக்கு அங்கீகரித்தது. சார்லட் 2020இல் 13 வயதில் இறந்தாள். ஒன்றுக்கும் உதவாது என்று யாராவது அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இப்போது, காமராரியஸைத் தோற்கடித்த அந்த ‘இரண்டாவது குணம்’. பெண் செடியில் ஆண் பூவை வரவழைக்க முடியும் என்றால், அந்த மகரந்தத்தில் ஆண் நிறப்புரியே இருக்காது. மனிதரைப் போல இதிலும் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய். பெண்ணுக்குப் பெண் கலந்தால் பிறப்பது அநேகமாக எல்லாம் பெண். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டச்சு விதை நிறுவனங்கள் இதை வியாபாரமாக்கின. ‘பெண்ணாக்கிய விதை’ என்று விற்றார்கள். போத்தார் வேண்டாம், கணுவை விலக்கிப் பார்க்க வேண்டாம், பாதிச் செடியை இழக்க வேண்டாம். வீட்டில் வளர்ப்பவருக்குப் பெரிய சௌகரியம்தான். ஆனால் ஆண் செடியை வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு வளர்ப்பாளர் தலைமுறை அதோடு தொடங்கியது. ஆண் இல்லாத தோட்டத்தில் விதை கிடையாது. விதை இல்லாத தோட்டக்காரர் அடுத்த வருடம் கடைக்குத்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் இன்றைய வீட்டு வளர்ப்புச் சட்டங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உருகுவே 2013இல் வீட்டுக்கு ஆறு செடி என்றது. கனடா 2018 அக்டோபர் 17 முதல் வீட்டுக்கு நான்கு. கியூபெக் மாகாணம் அதையும் தடைசெய்தது, 2023இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது. மால்டாவில் நான்கு. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவருக்கு ஒரே நேரத்தில் மூன்று செடி. வீட்டில் 50 கிராம் உலர்ந்த கஞ்சா வைத்திருக்கலாம். நன்றாக வளர்ந்த ஒரு செடியே அதற்கு மேல் தரும். மிஞ்சியதை அழித்துவிட வேண்டும் என்பது விதி. குழந்தைகள் கை எட்டாதபடி பூட்டிவைக்க வேண்டும், அண்டை வீட்டாருக்கு வாடை தொந்தரவு கூடாது. 500 பேர் வரை சேர்ந்து வளர்ப்புச் சங்கம் வைக்கலாம். சங்கம் ஒருவருக்கு மாதம் ஏழு விதை அல்லது ஐந்து துண்டுக்கன்று வரை கொடுக்கலாம். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி கஞ்சாச் செடி வளர்த்தால் 10 வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. நாருக்காக, அரசு உரிமத்தோடு வளர்க்க உத்தராகண்ட் போன்ற சில மாநிலங்களில் மட்டும் வழி திறந்திருக்கிறது.

சிறையைவிட மூன்று செடி மேல். அதில் சந்தேகமில்லை. எத்தனையோ பேர் வாழ்க்கை பொட்டல வழக்கில் பாழானதைப் பார்த்த நாடுகள் இந்த முடிவுக்கு வந்தது நல்லதே. ஆனால் மூன்று செடியில் வளர்க்கலாம், கலப்பு செய்ய முடியாது. இதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கலப்பு விதை போட்டால் ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்தவைகூட ஒன்றுபோல இருக்காது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, ஒன்று உயரம், ஒன்று கறுப்பு, ஒன்றுக்குத் தாத்தா மூக்கு. அவற்றில் நூறு நூற்றைம்பது வளர்த்து, ஒன்றிரண்டைப் பொறுக்கி, மறுபடி கலந்து, மறுபடி பொறுக்கினால்தான் ஒரு வரிசை நிலைக்கும். ஆணிலும் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதன் பிசினைப் பார்த்து எடைபோட முடியாததால், அதன் பெண் பிள்ளைகளை வளர்த்துப் பார்த்துத்தான் அப்பாவின் தரத்தைச் சொல்ல முடியும். காளையின் தரத்தைக் கன்றுகளின் கறவையில் பார்ப்பது போல. மூன்று செடிக்குள், அதில் ஒன்று ஆணாகப் போனால் மிச்சம் இரண்டு என்ற நிலையில், யார் ஆணுக்கு இடம் கொடுப்பார்கள்? இத்தனை காலம் வீட்டுக் கொல்லையில் இருந்த கலப்புக் கலை, வளர்ப்பு சட்டப்படி ஆன நாளிலிருந்து விதைக் கம்பெனியின் கலையாக மாறிவருகிறது. முன்பு திருட்டுத்தனமாக ஐம்பது செடி வளர்த்தவரிடம் இருந்த சுதந்திரம் இன்று சட்டப்படி மூன்று வளர்ப்பவரிடம் இல்லை.

கம்பெனி உறையின் மேல் இருக்கிற பெயரையாவது நம்பலாமா? 2015இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வில், நூற்றுக்கு நூறு சட்டைவா, அதாவது நெட்டை வகை, என்று சொல்லப்பட்ட ஜமைக்கா ரகம் ஒன்றும், நூற்றுக்கு நூறு இண்டிகா, அதாவது குட்டை வகை, என்று சொல்லப்பட்ட ஆப்கான் ரகம் ஒன்றும் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 2019இல் இன்னொரு குழு அமெரிக்காவில் 30 ரகங்களின் 122 மாதிரிகளை வாங்கிச் சோதித்தது. 27 ரகங்களில் குறைந்தது ஒரு மாதிரியாவது தன் பெயர்க்காரர்களோடு ஒட்டாமல் நின்றது. அரை நூற்றாண்டு ஒளித்து வளர்த்து, குறிப்பு எழுதிவைக்கப் பயந்து, வாய்வழியாகவே பெயர் சொல்லிக் கைமாற்றியதன் விளைவு இது. அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நோட்டுப் புத்தகமே சாட்சியாகிச் சிறைக்கு அனுப்பும் என்றால் யார் எழுதுவார்கள்?

இதைவிட மனம் கனக்கிற விஷயம், கலப்புக்கு மூலமான நாட்டு விதைகளின் கதி. ஜான் மெக்பார்ட்லண்டும் எர்னஸ்ட் ஸ்மாலும் 2020இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அருங்காட்சியகங்களில் உலர்த்தி ஒட்டிவைத்த பழைய தாள்களை ஒப்பிட்டு, தெற்காசிய நாட்டு ரகங்களும் மத்திய ஆசிய நாட்டு ரகங்களும் அழிவின் விளிம்பில் இருக்கின்றன என்றார்கள். காரணம் வெட்டி எரிப்பது மட்டுமல்ல. கலப்பும் ஒரு காரணம். அந்த விதைகளில் பிறந்த கலப்பினங்கள் சுற்றுலாப் பயணிகளின் பையில் தாயகத்துக்கே திரும்பி வந்து, காற்றில் மகரந்தம் தூவி, நாட்டுச் செடியின் அடையாளத்தைக் கரைக்கின்றன. பேரப்பிள்ளை வந்து பாட்டியை வீட்டை விட்டுத் துரத்துவது போல.

மொராக்கோவின் ரிஃப் மலையில் இது கண்ணெதிரே நடந்திருக்கிறது. அங்கே ‘பெல்தியா’ என்று அழைக்கும் நாட்டு ரகம் மழையை நம்பி மலைச்சரிவில் விளையும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பாவிலிருந்து வந்த ‘கர்தாலா’ போன்ற கலப்பினங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. பிசின் அதிகம், விலை அதிகம், தண்ணீர் தாகமும் அதிகம். ஊற்று நீரைக் குழாய் போட்டு இழுத்து, ஆழ்துளை போட்டு, அந்த மலையின் நிலத்தடி நீர் இறங்கியது. 2021இல் மொராக்கோ மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் கஞ்சாவைச் சட்டப்படி ஆக்கியது. முதலில் வெளிநாட்டு விதைகளுக்கு உரிமம் கொடுத்தார்கள்; 2024இல் பெல்தியாவும் உரிமத்துக்குள் வந்தது.

பெல்தியா வயலுக்குப் போத்தார் கிடையாது. ரிஃப் உழவர் வழக்கப்படி விதையைக் கையால் வீசி விதைக்கிறார். ஆணும் பெண்ணும் நெருக்கியடித்துக்கொண்டு முளைக்கின்றன. ஆண்கள் வயலில் நிற்கின்றன. கோடையில் திராட்சைக் கொத்தாகத் தொங்கும் மொட்டுகள் வெடித்து, தட்டினால் வெளிர்மஞ்சள் தூள் பறக்கிறது. அறுத்துக் காயவைத்துத் துணி மேல் தட்டினால் பிசின் கீழே இறங்கும், விதை மேலே தங்கும். அதில் ஒரு பங்கை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்கிறார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்பெயினின் மலாகா நகரில், காற்றில் என்னென்ன மகரந்தம் வருகிறது என்று நாள்தோறும் பிடித்து எண்ணும் பொறி ஒன்றை ஆய்வாளர்கள் வைத்திருந்தார்கள். ஆலிவ், புல், சவுக்கு எல்லாம் அதில் விழும். தொண்ணூறுகளில் சில கோடைநாட்களில், மொராக்கோ பக்கமிருந்து காற்று அடித்தபோது, நுண்ணோக்கியில் வைத்த கண்ணாடிச் சில்லில் அந்த ஊரில் யாரும் பயிரிடாத ஒரு செடியின் மகரந்தம் தெரிந்தது. கஞ்சா. ரிஃப் மலையில் பிடுங்கப்படாமல் நின்ற ஆண் செடிகளிலிருந்து கடல் தாண்டி வந்திருந்தது.